கவசத்துக்கு எத்தனை கிராம் துணி?

2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு சேர்ந்து வெளிவந்த விளையாட்டு 'ஹாலோ'. அதன் நாயகன் மாஸ்டர் சீஃப் உச்சி முதல் பாதம் வரை பச்சைக் கவசம் பூண்டவன். பொன்னிற முகமூடிக்குள் இருக்கும் முகத்தை அந்த விளையாட்டு காட்டுவதே இல்லை. முகம் இல்லாத நாயகனாக யார் வேண்டுமானாலும் ஆகிவிடலாமே! அமெரிக்காவில் எத்தனையோ பேர் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து அந்தக் கவசத்தைச் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது 'பெப்பகுரா டிசைனர்' என்ற ஜப்பானிய மென்பொருள். முப்பரிமாண உருவம் ஒன்றைக் கொடுத்தால், வெட்டி மடித்து ஒட்டுவதற்கேற்ற தட்டைத் துண்டுகளாக அதைப் பிரித்துத் தந்துவிடும். கெட்டித் தாளில் அச்சடித்து, கத்தரியும் பசையுமாகச் சில வாரம் பொறுமை காட்டினால் ஆளுயரக் கவசம் தயார்.

ஆனால் அது வெறும் காகிதம். உட்கார்ந்தால் நசுங்கும், வியர்த்தால் ஊறும். ஆகவே வெளிப்புறம் ரெசின் என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினைப் பூசி, உட்புறம் கண்ணாடியிழைத் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டி, இறுகியதும் கார் பட்டறைகளில் ஒடுக்கு எடுத்த இடத்தில் தடவும் பட்டியை வெளியே தடவித் தேய்த்து, பெயின்ட் அடிப்பது வழக்கமாயிற்று. பிடித்த கதாபாத்திரம்போல வேடம் கட்டியும் ரசிகர்கள் வரும் காமிக் கான் விழா 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாக நடந்தது. இங்கும் கவசம் செய்யும் ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. ஆசை வந்தவர்கள் முதலில் தடுமாறுவது துணி வாங்கும் இடத்தில்தான்.

துணியைப் பசையால் ஒட்டிக் கவசமாக்கும் யோசனை புதிதல்ல. அலெக்சாண்டர் காலத்து கிரேக்க வீரர்கள் லினன் துணியால் ஆன மார்புக்கவசம் அணிந்தார்கள். அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் கிரிகோரி ஆல்ட்ரெட், லினனை அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டி அப்படியொன்றைச் செய்து, அதன்மேல் அம்பெய்தும் பார்த்தார். கிரேக்கர்கள் ஒட்டித்தான் செய்தார்களா, தைத்துச் செய்தார்களா என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. நமக்கு அம்பு பயமில்லை. கூட்டத்தில் யாராவது இடித்தால் உடையாமல் இருந்தால் போதும்.

இந்த 'போதும்' என்பதை மறந்துவிடுவதால்தான் பணமும் தோளும் வீணாகின்றன. கண்ணாடியிழையை நம்மூரில் ஃபைபர் என்பார்கள். தமிழ்நாட்டில் ஃபைபர் என்றால் படகு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டதில், கடலோர ஊர்களில் இந்தச் சரக்கு பழகிப்போன ஒன்று. கடையில் போய் ஃபைபர் கேட்டால் படகுக்கு உரியதையே எடுத்துப் போடுவார்கள். அலையை எதிர்த்து நிற்கவேண்டிய பொருளும், ஒருநாள் மாலை மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளவேண்டிய பொருளும் ஒன்றல்ல என்பதைக் கேட்பவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடையில் மூன்று நான்கு ரகம் இருக்கும். முதலாவது மேட்: இரண்டு அங்குல நீள இழைத்துண்டுகளை வைக்கோல் பரப்பியதுபோலத் தாறுமாறாகப் பரப்பி, ஒரு பசையால் பிடித்துவைத்த பாய். சதுர மீட்டருக்கு 300, 450, 600 கிராம் என்று வரும். பெரும்பாலும் கிலோ கணக்கில் எடைபோட்டுத் தருவார்கள். இரண்டாவது ரோவிங்: தடித்த இழைக்கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த முரட்டுத் துணி, 360 கிராமில் தொடங்கி 600, 800 என்று ஏறும். இது முழுக்கப் படகுக்காரர்களின் சரக்கு, கவசத்துக்கு ஆகாது. மூன்றாவதுதான் கிளாஸ் கிளாத்: மெல்லிய நூலில் நெய்த பட்டுப் பளபளப்புள்ள துணி, மீட்டர் கணக்கில் கிடைக்கும். கடைசியாக டிஷ்யூ: 30 கிராம் அளவில், மேற்பரப்பின் நெசவுத்தடம் தெரியாமல் மூடுவதற்கான மெல்லிய விரிப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மேட் ரெசினை அடங்காமல் குடிக்கும்; தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு என்றால் ரெசினோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. நெய்த துணிக்கு அதன் எடை அளவு ரெசின் போதும். 200 கிராம் துணி இரண்டு அடுக்கு போட்டாலும் ரெசினோடு 800 கிராம்தான். தலையிலிருந்து முழங்கால்வரை மூடும் கவசத்துக்கு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேட் இரண்டு அடுக்கு போட்டவர் ஆறு கிலோ சுமப்பார்; துணி போட்டவர் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பட்டி, பெயின்ட், வார்ப்பட்டை எல்லாம் இதற்கு மேல்.

மேட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு தகடு வளையாமல் நிற்பது அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். குறைந்த செலவில் தடிமன் தருவது மேட்தான். ஆனால் கவசம் என்பது பலகை அல்ல. அதன் மடிப்புகளும் வளைவுகளுமே அதற்கு விறைப்பைத் தந்துவிடும். வெளியே ரெசின் ஊறிய காகிதம் வேறு இருக்கிறது. மார்பு, முதுகு போன்ற அகன்ற தட்டை இடங்களில் மட்டும் 300 கிராம் மேட் ஒரு துண்டு வைத்தால் தப்பில்லை. மற்ற இடங்களுக்கு 200 கிராம் துணி. விரல் கவசம், காது மூடி போன்ற சின்ன வளைவுகளுக்கு 100 கிராமுக்கும் கீழே. இதுவே என் தேர்வு.

அமெரிக்கச் செய்முறைகளைப் பார்த்து வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அங்கே எல்லாம் அவுன்ஸ். 'ஆறு அவுன்ஸ் துணி, ஒன்றரை அவுன்ஸ் மேட்' என்பார்கள். ஒன்றரை சின்ன எண்ணாயிற்றே, அதுதான் மெல்லியது என்று எடுத்தால் போச்சு. துணியின் அவுன்ஸ் ஒரு சதுர கெஜத்துக்கு. மேட்டின் அவுன்ஸ் ஒரு சதுர அடிக்கு. ஒரு சதுர கெஜத்தில் ஒன்பது சதுர அடி. ஆகவே ஆறு அவுன்ஸ் துணி நம்மூர் 200 கிராம்; ஒன்றரை அவுன்ஸ் மேட் நம்மூர் 450 கிராம். இப்படி இரண்டு அளவை வைத்திருக்கும் தொழிலை என்ன சொல்வது! கடையில் கிராமில் மட்டும் பேசுவது நல்லது.

துணிக்கு முன்னால் ரெசின் பாலியஸ்டரா, எபாக்சியா என்பதை முடிவு செய்யவேண்டும். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், மேட்டைப் பிடித்துவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். அப்போதுதான் பாய் இளகி மூலைமுடுக்கில் படியும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. வழக்கமான மேட்டை எபாக்சியில் தோய்த்தால் பாய் இளகாமல் விறைத்து நிற்கும். எபாக்சி வாங்குகிறவர் நெய்த துணி வாங்குவதே வழி. எபாக்சிக்கு நாற்றம் குறைவு, விலை அதிகம். இன்னொன்று: தெர்மாகோலில் வடிவம் செதுக்கி அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் பூசினால் தெர்மாகோல் கண்ணெதிரே கரைந்து குழியாகும். அதே ஸ்டைரீனின் வேலைதான்.

பெயரில் ஃபைபர் இருப்பதெல்லாம் நமக்கான துணி அல்ல. மொட்டைமாடி நீர்க்கசிவுக்கு விற்கும் வலைத்துணியும், ஃபைபர் என்று விற்கும் ஜன்னல் கொசுவலையும் கண்ணாடியிழைதான்; ஆனால் மேலே வேறு பூச்சு ஏறியிருக்கும், ரெசின் உள்ளே இறங்காது. குழாய்களுக்குச் சூடு தாங்கச் சுற்றும் துணியிலும் நெசவுக்கால எண்ணெயும் கஞ்சியும் அப்படியே தங்கியிருக்கலாம். ரெசினுக்கு உரிய துணியில் அவற்றை நீக்கி, கண்ணாடியும் ரெசினும் பிடித்துக்கொள்ள சிலேன் என்ற பூச்சு கொடுத்திருப்பார்கள். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணி சற்று நேரத்தில் நிறமிழந்து அடியில் இருப்பது தெரிந்தால் சரியான சரக்கு. வெள்ளையாகவே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கியதை மடித்துப் பையில் திணிக்கவும் கூடாது. மடிப்பில் இழை ஒடியும். அட்டைக் குழாயில் சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

எடை பார்த்தாயிற்று, படிமானமும் பார்க்கவேண்டும். ஒரே எடையில் சாதா நெசவும் உண்டு, ட்வில் நெசவும் உண்டு. சாதா நெசவில் நூல் ஒன்றுவிட்டு ஒன்று கோத்திருப்பதால் வெட்டும்போது சீக்கிரம் பிரியாது, ஆனால் முழங்கால் மூடி போன்ற குமிழில் சுருக்கம் விழும். ட்வில் நழுவிப் படியும். சாதா துணி மட்டுமே கிடைத்தால், தையல்காரர்கள் கிராஸ் பீஸ் வெட்டுவதுபோல 45 பாகைச் சாய்வில் வெட்டினால் பாதிக் குறை தீரும். வெட்டவேண்டிய கோட்டில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டினால் ஓரம் பிரியாது.

உடம்புக்கு என்ன ஆகும் என்பது நியாயமான கவலை. நெசவுக்கான நீள் கண்ணாடியிழை புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. ஸ்டைரீன் கதை வேறு. 2018இல் அதே முகமை அதை 'அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலுக்கு ஏற்றிவிட்டது. ஆகவே அரிப்பைவிட வாடைக்குத்தான் அதிகம் அஞ்சவேண்டும். என்-95 முகமூடி தேய்க்கும்போது பறக்கும் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்துகள் குப்பி பொருத்திய முகமூடி தேவை. வேலை திறந்தவெளியில்தான். பாலியஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர், ஆக்சிலரேட்டர் என இரண்டு குப்பி கொடுத்தால் அவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை விடவேண்டும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மே மாத வெயிலில் கலவை டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் சிறுசிறு அளவாகக் கலக்குவது நல்லது.

இத்தனை பாடு எதற்கு, ஈவா ஃபோம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் சொல்வது உண்மைதான். யோகா பாய் செய்யும் அந்த நுரைத்தகட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, ஒரு வாரத்தில் கவசம் செய்துவிடலாம். வேடம் கட்டுவோரில் பெரும்பகுதி இன்று அந்தப் பக்கம் போய்விட்டது. உடலோடு வளையவேண்டிய வயிறு, தொடைப் பகுதிகளுக்கு நானும் ஃபோமையே சொல்வேன். தலைக்கவசம் மட்டும் வேறு. தட்டினால் கெட்டியாக ஒலிக்கவேண்டும், கார்போல மினுங்கவேண்டும். 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலேயே இந்தப் பிரிவினை இருந்தது: வில்லன் டார்த் வேடரின் கறுப்புத் தலைக்கவசம் கண்ணாடியிழை வார்ப்பு, டஜன் கணக்கில் தேவைப்பட்ட வெள்ளை வீரர்களின் கவசமோ சூடாக்கி உறிஞ்சி வடித்த பிளாஸ்டிக் தகடு.

தலைக்கவசம் மட்டும் என்றால் 200 கிராம் துணி ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் போதும். இரண்டு அடுக்குக்கும் சாய்வாக வெட்டுவதில் போகும் சேதாரத்துக்கும் அதிலேயே கணக்குச் சரியாகும். முழுக் கவசத்துக்கு ஐந்து மீட்டர் கேளுங்கள். அதற்கான ரெசின் இரண்டு கிலோவுக்குள் அடங்கும், வெளிப்பூச்சுக்கும் சேர்த்து மூன்று. கடைக்காரர் பத்துக் கிலோ டின்னைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பாலியஸ்டர் ரெசின் திறக்காமல் வைத்தாலும் மாதங்கள் போகப் போகத் தானே கெட்டியாகிவிடும்.