ஷட்டருக்கு எண்ணெய் போடுகிறீர்களா? உஷார்!

அந்த எண்ணெய் டப்பாவை முதலில் கீழே வையுங்கள்!

ஆயுத பூஜை நெருங்கினால் கடைத்தெருவில் இந்தக் கூத்து தவறாமல் நடக்கும். மெக்கானிக் ஷெட்டில் ஓசிக்குக் கிடைத்த வேஸ்ட் ஆயிலைக் கடை ஷட்டரின் இரண்டு பக்கச் சேனலிலும் தாராளமாக ஊற்றுவார்கள். கார் ஷெட் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அன்றைக்கு ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஏறும். அதோடு சரி.

எஞ்சினில் ஓடிக் கருத்த ஆயிலில் கரியும் இரும்புத் துகளும் ஏற்கெனவே உண்டு. தெருப் புழுதியும் அதில் சேர்ந்தால் சேனலுக்குள் இருப்பது எண்ணெய் இல்லை, உப்புத்தாள்! பட்டைகளின் ஓரத்தை அராவித் தின்றுவிடும். கெட்டி கிரீஸும் புழுதியை இப்படித்தான் பிடித்து வைக்கும். சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு அது. மார்கழிக் காலையில் ஷட்டரோடு மல்லுக்கட்டட்டும்.

டபிள்யூடி-40? அமெரிக்காவின் சான் டியாகோவில் 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது அது. துருப்பிடித்த போல்ட்டை இளக்க அருமையான மருந்து. மோட்டார் ஷட்டரின் செயினில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

சேனலைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரேயை லேசாக அடித்தால் போதும். செயினுக்கும் பேரிங்குக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் கொஞ்சமாக. பூட்டுக்குக் கிராஃபைட் பொடி.

மோட்டார் பக்கம் மட்டும் ஸ்பிரேயைக் கொண்டுபோகவே போகாதீர்கள்! ஏறிய ஷட்டரை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவது அங்கே இருக்கும் பிரேக். அதில் எண்ணெய் பட்டால் பிடி வழுக்கும். மேலே நிற்கும் இரும்பு நம் தலையில்தான் இறங்கும். வேலை தொடங்குமுன் கரண்ட்டை நிறுத்துங்கள். சாமி விளக்கையும் அணையுங்கள். ஸ்பிரே டப்பாவில் அடைத்திருப்பது பெரும்பாலும் தீப்பிடிக்கும் வாயு. பூஜையன்று விளக்கு எரிய எரிய ஸ்பிரே அடிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கையால் தூக்கும் ஷட்டர் திடீரென்று கனத்துப்போனால் எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது. மேலே உருளைக்குள் முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும். ஏணி போட்டு நீங்களே அதைக் கழற்றப் போகாதீர்கள். முறுக்கு விடுபட்டால் கையை முறித்துவிடும். ஷட்டர் மிஸ்திரியைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அதன் அடியில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.