இருகுரல் இணைந்த வெற்றி

தனிக்குரலில் தளர்ந்த பாடலொன்று இணைகுரலால் எழுந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம். 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' அமெரிக்கக் கன்ட்ரி இசையின் புகழ்மிகு இருகுரற் பாடல். இயற்றியோர் பீ ஜீஸ் குழுவின் கிப் உடன்பிறந்தார் மூவர்; தலைப்போ ஹெமிங்வேயின் புதினப் பெயர். 1983இல் கென்னி ரோஜர்ஸ் இதனை ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு நாள் தனித்துப் பாடியும் நிறைவு காணாது, பாடலே பிடிக்கவில்லை எனச் சோர்ந்தார். டாலி பார்ட்டன் வேண்டும் என்றார் தயாரிப்பாளர் பாரி கிப். டாலி வந்து பாடியதும் பாடல் உயிர்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் பில்போர்டு இதழின் கன்ட்ரி வரிசையிலும், 29ஆம் நாளிட்ட பொதுத் தரவரிசையிலும் முதலிடம் எய்தியது. ஒருவர் கூற்றாய் நின்றது இருவர் உரையாடலாயிற்று. காதற்பாட்டிற்குக் கேட்கும் செவி மட்டுமன்று, மறுமொழி தரும் குரலும் வேண்டும் என்பதை இதனால் நாம் உணர்கின்றோம்.