நம்ம ரூபாயில் ஒரு ரக்பி கோப்பை

நம் நாட்டு வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த ஒரு கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மல்லுக்கட்டுகின்றன. எந்த விளையாட்டில், தெரியுமா? கிரிக்கெட் இல்லைங்க, ரக்பி!

கொல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப், ஆள் குறைந்து மூடப்பட்டது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, 'கல்கத்தா கோப்பை' செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் ஒரு குட்டி யானை!

ரக்பியில் 'ஃபார்வர்டு' என்றால் முரட்டு உடம்புக்காரர்கள். கொச்சி மட்டாஞ்சேரி பண்டகசாலையில் மூட்டை ஏற்றிய வண்டியை நெட்டித் தள்ளுகிற சுமைதூக்கும் தொழிலாளிகள் மாதிரி, எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்த்து எதிரணியைத் தள்ளுவார்கள். அப்படி இரண்டு பேர்தான் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும். 1988-ல் கல்கத்தா கோப்பை ஆட்டம் முடிந்த ராத்திரி, கொண்டாட்ட மயக்கத்தில் எடின்பரோ தெருவில் அந்தக் கோப்பையையே பந்தாக்கி ஆடினார்கள். கோப்பை நசுங்கிப் போச்சு! ஜெஃப்ரிக்குப் பல மாதத் தடை. ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். இது என்ன நியாயமோ!

சரி, ரிச்சர்ட்ஸுக்கு என்ன உத்தியோகம், சொல்லுங்க பார்ப்போம்? போலீஸ்காரர்! ஜெஃப்ரி விவசாயி. அன்றைக்கு இந்த ரக்பி ஆட்டத்துக்குச் சம்பளமே கிடையாது, அதனால்தான் வேறு வேலை. காசு வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று அனுமதி வந்தது 1995-ல்தான்.