ஏடும் திரையும்

கைத்தொலைபேசி வீட்டுக்குள் வந்த நாள்தொட்டுப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று பெற்றார் பலர் எம்மிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அக்குறையை நாம் முற்றாக மறுக்கப்போவதில்லை. ஆயின், அக்கருவி சென்றடையும் இணையத்திலேயே தமிழ் நூல்களின் பெருங் களஞ்சியங்களும் உள்ளன. அக்களஞ்சியங்களுள் மாணாக்கர் வாசகராக மட்டுமன்றி வேலை செய்வோராகவும் புகலாம் என்பதைப் பலர் அறியார். அந்த வேலையைப் பற்றியே இங்குச் சிறிது கூற விரும்புகின்றோம்.

1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளிலே மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த அறிஞர் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, உலகின் பல பாகங்களிலுமிருந்த தமிழர் ஊதியம் எதுவும் பெறாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் இட்டனர். 2005 இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணுதற்கென ‘நூலகம்’ என்னும் இணையத்தளம் தோன்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. ஒரு நூலின் படிகள் பல இடங்களில் இருத்தல் எத்துணை இன்றியமையாததென்று எம்மவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். இத்தகைய தளங்களிற் கிடைக்கும் நூல்களுட் பெரும்பாலானவை பக்கங்களின் படங்களே. படத்தை நாம் வாசிக்கலாம். ஆனால் அதனுள் ஒரு சொல்லைத் தேடித் தருமாறு கணினியைக் கேட்டால் அது கைவிரித்துவிடும். படம் எழுத்தாக மாறினாலன்றித் தேடல் இல்லை. அவ்வாறு மாற்றுதற்கு ‘எழுத்துணரி’ என்னும் மென்பொருள் உண்டு. அது விரைவாக வேலை செய்யும். விரைவாகப் பிழையும் விடும். ‘மரம்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘மாம்’ என்று நிற்கும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகும். பழைய அச்சில் ணை, லை, ளை, னை என்பன யானைத் துதிக்கை போன்ற வளைவோடு அமைந்திருந்தமையை இன்றைய மாணாக்கர் அறியார்; இயந்திரமும் பல வேளைகளில் அவற்றின்முன் தடுமாறுகின்றது.

இப்பிழைகளைத் திருத்துதற்கு மனிதக் கண் வேண்டும். விக்கிமூலம் என்னும் தளத்தில் இவ்வேலை எவர்க்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றது. திரையின் ஒரு புறத்தே நூற் பக்கத்தின் படம். மறுபுறத்தே இயந்திரம் படித்தெழுதிய வரிகள். எவரும் பாராத பக்கத்திற்குச் சிவப்பு நிறம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் அது மஞ்சளாகும். இரண்டாமவர் ஒருவர் மீளவும் பார்த்துச் சரியென்றால் மட்டுமே பச்சையாகும். தாம் திருத்திய பக்கத்தைத் தாமே பச்சையாக்கிக்கொள்ள எவர்க்கும் உரிமையில்லை. கல்வித் திணைக்களத்து விதிகள் சிலவற்றைக் காட்டிலும் இது நல்ல விதியென்பது எமது எண்ணம்.

எழுத்துணரியின் தடுமாற்றம் எமக்குப் புதியதன்று. பனையோலைச் சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்துக் கொம்பும் நெட்டெழுத்துக் கொம்பும் ஒன்றே. ரகரமும் காலும் ஒரே வடிவின. ‘ரா’ என்பதா ‘ரர’ என்பதா என்று பொருளை நோக்கியே துணிய வேண்டும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தபோது இத்தகைய ஓலைகளோடுதான் போராடினார். தொட்டால் உதிரும் ஏடுகள் வேறு. அப்பெருமகனார் எதிர்நோக்கிய ரகரமும் காலும் இன்று எமது உயர்தர வகுப்பு மாணாக்கன் முன்னே திரையில் வந்து நிற்கின்றன. அவனுக்கு வாய்த்த நற்பேறு, ஐயம் தீர்ப்பதற்குப் படம் பக்கத்திலேயே இருப்பதாகும்.

இவ்வேலையால் மாணாக்கர்க்கு வரும் பயன் யாது? விரைந்து வாசிக்கும் கண் சொல்லின் தலையையும் வாலையும் கண்டு நடுவை ஊகித்துக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவனுக்கு அந்த ஊகம் உதவாது. எழுத்தெழுத்தாக நடக்க வேண்டும். எமது மாணவன் ஒருவன் பழைய உரைநடை நூலொன்றில் ‘இவ்வழக்கு அருகி வருகின்றது’ என்னும் தொடரைக் கண்டு, ‘அருகில்’ என்பதன் லகரமெய் விடுபட்டதென்று கருதினான். படத்தைப் பார்த்தான், அங்கும் ‘அருகி’ என்றே இருந்தது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனைத் தேடினான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றது. ‘அருகு’ பக்கம் என்றும், ‘அருகுதல்’ குறைதல் என்றும் அறிந்தான். அச்சொல்லை அடுத்த கிழமைக் கட்டுரையில் அவன் தானாகவே ஆண்டிருந்தான், பிழையறவும் ஆண்டிருந்தான். சொற்பொருளை நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அது அப்பியாசக் கொப்பியிலேயே உறங்கியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உள. ‘கௌரவம்’ என்பதன் முதலெழுத்தைச் சிலர் கொம்பும் ககரமும் ளகரமுமாகத் தட்டிவிடுவர். பார்வைக்கு வேறுபாடு புலனாகாது. ஆனால் கணினிக்கு அது வேறொரு சொல். பின்னர் ஒருவர் அச்சொல்லைத் தேடினால் அப்பக்கம் அகப்படாது. இதனை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை ஔகாரக் குறியை அதன்பின் அலட்சியம் செய்வதில்லை. ஆங்கில எழுத்தால் ஒலியை ஒட்டித் தமிழைத் தட்டும் பழக்கமும் அவ்வாறே. ல, ள, ழ மூன்றும் விசைப்பலகையில் அண்டை அயலாக வந்து நிற்கும். தெரிவு செய்ய வேண்டியவர் எழுதுபவரே.

இக்காலத்திற் கட்டுரையை முழுதாகவே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை தரும் கட்டுரைகள் சில எமது மேசைக்கும் வருகின்றன. எழுத்துப்பிழை குறைவு; ஆனால் யாரோ எவருக்கோ எழுதியது போன்ற தமிழ். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும் துணிவும் அவற்றுக்கு உண்டு. தடைவிதிப்பதால் இது நிற்குமென்று நாம் நம்பவில்லை. மூலத்தின் படத்தோடு ஒத்துப் பாராமல் எந்த வரியையும் ஏற்காத பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், இயந்திரம் எழுதியதையும் அது அந்தக் கண்ணோடுதான் நோக்கும். எமது வகுப்பிற் சிலர் அவ்வாறு நோக்கத் தொடங்கியுள்ளனர்.

தொடங்க விரும்புவோர் செய்யுள் நூலை எடுக்காதிருத்தல் நன்று. சீர் பிரிப்பிலும் சந்தியிலும் முதல் நாளே மனம் சலித்துவிடும். உரைநடையாக உள்ள வரலாறோ கட்டுரைத் தொகுதியோ பொருந்தும். நூலின் பதிப்புரிமை முடிந்திருத்தலும் வேண்டும்; இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். கைத்தொலைபேசியின் சிறு திரை இதற்கு ஏற்றதன்று. படமும் எழுத்தும் அருகருகே தெரிதற்குக் கணினியே வேண்டும். வீட்டில் இல்லாதார் கல்லூரிக் கணினிக் கூடத்தைக் கேட்டுப் பெறலாம். அக்காள் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தம்பி பச்சையாக்கலாம். பிழை கண்டுபிடித்த தம்பியின் மகிழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமை மட்டும் அக்காளுக்கு வேண்டும். முதற் பக்கத்திற்கு அரைமணி நேரம் செல்லும். பத்தாம் பக்கத்திற்கு அவ்வளவு வேண்டியதில்லை.