மீன் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது கண்ணாடித் தொட்டியில் ஆறு மோலி மீன்கள் வளர்த்தேன். இரண்டு மாதம் அவை நலமாக இருந்தன. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது தொட்டியையும் நான் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தினேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு வாரத்திற்குள் ஆறு மீன்களும் இறந்துவிட்டன!

அழுக்கில் வாழ்ந்த மீன்கள் சுத்தத்தில் ஏன் இறந்தன? விடை எனக்குக் கல்லூரியில்தான் கிடைத்தது. மாணவர்களே, நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

தொட்டியும் காற்றும்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி போதும். அதை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 54 கிலோ. ஆகவே ஆட்டமில்லாத மேசை தேவை. நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

30° செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனே கரையும். ஒரு லிட்டர் காற்றிலோ இதைப் போல் முப்பது மடங்குக்கும் மேல் உண்டு! வெப்பம் ஏற ஏறக் கரையும் அளவு இன்னும் குறையும். கோடையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். ஆக்ஸிஜன் நீரின் மேற்பரப்பு வழியே நுழைகிறது. எனவே குறுகிய வாயுள்ள ஜாடியைவிட அகன்ற தொட்டியே நல்லது. காற்றுப் பம்பின் குமிழிகள் செய்யும் முக்கிய வேலை, அடித் தண்ணீரை மேலே கொண்டுவருவதுதான்.

பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். இது வடிகுழாய்த் தத்துவம்!

யார் அந்தக் குடித்தனக்காரர்கள்?

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது நஞ்சு. கற்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. பிறகு அது நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டினால் கெடுதி குறைவு. செடிகளுக்கு அது உணவு. இவ்விரு மாற்றங்களையும் வெவ்வேறு பாக்டீரியாக்களே செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். நைட்ரோஸ்பைரா வகையில் சில, இரண்டையும் தாமே செய்கின்றன என்று 2015-இல் கண்டறிந்தார்கள்.

நான் தேய்த்துக் கழுவியது இந்தக் குடித்தனத்தைத்தான். வெயிலும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் மிச்சத்தை முடித்தன.

அவசரம் வேண்டாம்

கற்களைச் சோப்பு இல்லாமல் கழுவிப் பரப்புங்கள். தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள். செடிகளை நட்டு வடிகட்டியை ஓடவிடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகும், பாக்டீரியாக்கள் பெருகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நலமான பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கல் கிடைத்தால் இன்னும் விரைவில் முடியும். மீன் கடைகளில் விற்கும் சோதனை மருந்தால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்றான பிறகு இரண்டு மூன்று கப்பி மீன்களை விடுங்கள். முதலில் பாலித்தீன் பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பிழியுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு போடுங்கள். மீன்கள் அலுத்துவிட்டால் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். அங்குள்ள மீன்களுக்கு அவை பகையாகலாம்.

தண்ணீரை நன்றாக வளர்த்துவிட்டால் மீன்கள் தாமே வளரும். ஆறு மோலிகள் எனக்குக் கற்பித்த பாடம் இது. உங்கள் தொட்டியில் அந்தப் பாடத்திற்கு ஒரு மீனும் பலியாக வேண்டாம்!