நிலக்கடலைப் பூசணமும் ஈரற் புற்றுநோயும்

நிலக்கடலை பயிரிடும் குடியானவர் இல்லங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. திரண்ட பருப்புகள் மண்டிக்குச் செல்லும்; சுருங்கியவையும், நிறம் மாறியவையும், பூசணம் படர்ந்தவையும் வீட்டிலேயே தங்கும். அவற்றை வறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும், துவையலுக்கு அரைப்பதும் உண்டு. விளைந்த பண்டம் வீணாகலாகாது என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், இவ்வழக்கத்தினால் விளையும் தீங்கு கண்ணுக்குப் புலப்படாதது. பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவது. ஆகையால் அதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் நலம்.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பண்ணைகளில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 1,00,000 வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. காரணம் இன்னதென்று தெரியாமையால் அந்நோய்க்கு 'வான்கோழி எக்ஸ் வியாதி' என்று பெயரிட்டனர். முடிவில், பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று துலங்கிற்று. அப்பிண்ணாக்கில் 'அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்' என்னும் பூசணம் ஒரு விஷத்தை உண்டாக்கியிருந்தது. பூசணத்தின் பெயரைக் கொண்டே விஷத்திற்கு 'அப்ளடாக்ஸின்' என்ற பெயர் ஏற்பட்டது. இதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் பி-1 என்பது மிகக் கொடியது.

நம் நாட்டிலும் இவ்விஷம் உயிர் கொண்டதுண்டு. 1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டதனால் 397 பேர் ஈரல் நோயுற்று, அவர்களில் 106 பேர் இறந்தனர். 2004-ஆம் ஆண்டில் கென்யா தேசத்திலும் இவ்வாறே 317 பேர் நோயுற்று, 125 பேர் மாண்டனர். பெருமளவு உண்டால் உடனே மரணம். சிறு அளவாக ஆண்டுதோறும் உண்டுவந்தால் ஈரலிற் புற்றுநோய். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1987-ஆம் ஆண்டிலேயே இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியிற் சேர்த்தது.

இங்கே ஒரு விந்தை கவனிக்கத்தக்கது. இவ்விஷம் கலந்த தீனியைத் தின்ற பெரிய எலிகளுக்கு ஈரலிற் புற்றுநோய் எளிதில் உண்டாகிறது. வளர்ந்த சுண்டெலிகளுக்கோ பெரும்பாலும் உண்டாவதில்லை. வான்கோழியோ சிறிதளவுக்கும் பலியாகிறது. தீனி ஒன்று, விஷம் ஒன்று. விளைவு மட்டும் வேறு. இதன் காரணம் ஈரலின் தொழிலில் இருக்கிறது.

ஈரலில் 'என்ஸைம்' எனப்படும் நொதிப்பொருள்கள் பல உள்ளன. உட்கொள்ளும் மருந்துகளையும் பிற அந்நியப் பொருள்களையும் மாற்றி வெளியேற்றுவது அவற்றின் வேலை. இவ்வேலை இரண்டு படிகளாக நடைபெறும். 'ஸைட்டோக்ரோம் பி-450' என்னும் வகுப்பைச் சேர்ந்த என்ஸைம்கள் முதற்படியில் அப்ளடாக்ஸினைத் தாக்கி 'எப்பாக்ஸைடு' என்ற பொருளாக மாற்றுகின்றன. வெளியேற்றுவதற்காகச் செய்யப்படும் இம்மாறுதலே ஆபத்தை உண்டாக்குகிறது. ஏனெனில், எப்பாக்ஸைடு உயிரணுவின் ஜீன்களிற் சென்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. இரண்டாம் படியில் 'குளூட்டதயோன் டிரான்ஸ்பரேஸ்' என்னும் என்ஸைம் அதைப் பிடித்துத் தீங்கற்றதாக்குகிறது. சுண்டெலிக்கு இவ்விரண்டாம் என்ஸைமின் வலிமை மிகுதி. வான்கோழிக்கு முதற்படி விரைவாக நடப்பினும், இரண்டாவது வேலை செய்வதில்லை.

மனிதர்களுக்குள்ளும் இத்தகைய வேறுபாடு உண்டு. இரண்டாம் படியைச் சேர்ந்த 'ஜி.எஸ்.டி. எம்-1' என்னும் ஜீன் சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. ஐரோப்பியரிலும் சீனரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்வாறு பிறக்கின்றனர். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மேலை ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்தாரும் சீனத்து ஷாங்காய் நகரத்தாரும் சோதிக்கப்பட்டனர். விஷத்தை முறிக்கும் என்ஸைம்களின் ஜீன்கள் குறைவுற்றவர்களுக்கு ஈரற் புற்றுநோய் நேரும் சார்பு மிகுதியென்று அதில் தெரியவந்தது. பிற்பட்ட ஆராய்ச்சிகள் யாவும் இதே அளவைக் காட்டவில்லை எனினும், ஒரே கலத்துச் சோறு எல்லாருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை என்பது உறுதி.

சீனத்தின் கிதோங் என்னும் ஜில்லாவில் ஈரற் புற்றுநோய் மிகுதி. அங்கே 16 நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்தபோது, 8 பேரிடத்தில் 'பி-53' என்னும் காவல் ஜீனின் ஒரே இடத்தில் பழுது காணப்பட்டதாக 1991-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இப்பழுது அப்ளடாக்ஸின் விட்டுச் சென்ற தடமெனக் கருதப்படுகிறது.

பிறவிக் குறையினும் பெரிய துணைக்காரணம் ஒன்றுண்டு; அது 'பி' வகை ஈரல் அழற்சிக் கிருமி. ஷாங்காயில் 18,244 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் கணக்கு 1994-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி அப்ளடாக்ஸின் மட்டும் உடையோர்க்கு ஈரற் புற்றுநோய் ஏறக்குறைய 3 மடங்கும், கிருமி மட்டும் உடையோர்க்கு 7 மடங்கும், இரண்டும் உடையோர்க்கு 59 மடங்கும் மிகுதியாயிருந்தது. ஆகவே பிறந்தவுடன் குழந்தைக்கு 'பி' வகைத் தடுப்பூசி போடுவித்தல் இன்றியமையாதது.

தம் ஈரலில் எந்த ஜீன் உள்ளது, எது இல்லை என்பதைக் குடியானவர் அறியார். அறிந்தாலும் மாற்ற இயலாது. ஆனால் களத்தையும் கிடங்கையும் காப்பது அவர் கையிலுள்ளது. அறுவடைக்கு முந்திய வாரங்களில் பயிர் வாடினால் நிலத்திலேயே பூசணம் காய்க்குள் புகும். ஆதலின் நீர் வசதியுள்ளோர் அப்போது ஒரு பாய்ச்சல் கொடுத்தல் வேண்டும். பருவம் தவறாமற் பிடுங்கி, செடிகளை ஈரத்தோடு அம்பாரமாகக் குவிக்காமல், காய்கள் மேல்நோக்கி வெயில்படுமாறு பரப்புக. ஈரம் 100-க்கு 8 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுக. மூட்டைகளைத் தரையில் வைக்காமற் பலகைமேல் அடுக்குக. தோல் எளிதில் உடைதற்பொருட்டுக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடுக. மண்வெட்டியால் வெட்டுண்ட காய்களையும், கறையான் அரித்தவற்றையும், முளைத்தவற்றையும் தனியே பொறுக்கி நீக்குக.

நீக்கிய பருப்பை உண்ணலாகாது. வறுப்பதாலும் வேகவைப்பதாலும் இவ்விஷம் முற்றும் நீங்காது. செக்கிலிட்டு ஆட்டினால் விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கிற் தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் கூறு இறங்கும். ஆதலின் அது மாட்டுத் தீனிக்கும் ஆகாது. எருக்குழியே அதற்குத் தக்க இடம்.

கிதோங் ஜில்லாவில் மக்கள் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியபின், தடுப்பூசியின் பயனைப் பெறாத தலைமுறையினரிடத்திலும், 35 வயதுக்குட்பட்டோர் ஈரற் புற்றுநோயால் இறப்பது பாதிக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய ஜீன்கள் மாறவில்லை, உணவே மாறிற்று. மண்டிக்கு ஆகாதென்று கழித்த பருப்பு வீட்டுப் பிள்ளைக்கும் ஆகாது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் மனத்திற் கொள்வாராக.