பறையும் கிதாரும் ஒரே மேடையில்

செந்துறை வட்டாரத்துச் சிற்றூர்களில் பறை ஒலி கேட்டதும் எழும் முதல் கேள்வி, ‘யார் வீட்டில்?’ என்பதுதான். சாவுக்கு உரியதென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கருவியை, மின்கிதாருக்கு அருகில் நிறுத்தி அரங்கேற்றிய குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாகப் பாடியது. அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பிறந்தது அதன் பெயர்.

மேற்கே இதற்கு ஒப்பு தேடினால் நிர்வாணா குழு நினைவுக்கு வரும். கர்ட் கோபேன் பிறந்த அபெர்டீன், மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த சிறு நகரம். 1991இல் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு, யாரும் பொருட்படுத்தாத இளைஞர்களின் சலிப்பை உலகெங்கும் கேட்கச் செய்தது. சரணத்தில் அடங்கிய குரல், பல்லவியில் வெடிக்கும் கிதார்: கிரஞ்ச் இசையின் புகழ்பெற்ற பாடல்கள் பலவும் இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன. ஆனால், கோபேனின் சொற்கள் பெரும்பாலும் பிடிகொடுக்காதவை. நம் குழுவின் சொற்களோ வழக்காடு மன்றத்தில் நிற்பவை.

அதற்குக் காரணம் கானா. வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் விழித்திருப்போருக்காகப் பாடப்பட்ட அவ்வடிவத்தில், இறந்தவரைப் பற்றி நேரடியாகப் பேசியாக வேண்டும். பூடகத்துக்கு அங்கே இடமில்லை. அந்த நேர்ப்பேச்சையே ராப் இசையும் ராக் இசையும் தாங்கிப் பிடிக்கின்றன. மாட்டிறைச்சிப் பாடல் உணவு அரசியலைப் பேசுகிறது. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் இசைவாணி பாடிய ஐயப்பன் பாடல், கோயில் நுழைவில் பெண்ணுக்குள்ள உரிமையைக் கேட்கிறது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அந்தப் பாடல் எதிர்ப்பையும் சந்தித்தது.

நமக்கு மிக நெருக்கமானது ‘கோட்டா’. இடஒதுக்கீடு பிச்சையன்று, உரிமை என்பதே அதன் வாதம். அதைச் செந்துறையில் கேட்பவருக்குக் குழுமூர் நினைவுக்கு வராமல் போகாது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அனிதா, நீட் தேர்வுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். குழுவின் முதல் நிகழ்ச்சி அதற்கு நான்கு மாதங்கள் கழித்து. நீட் வேறு, இடஒதுக்கீடு வேறு என்பது உண்மையே. ஆனால் ‘தகுதி’ என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. அந்தச் சொல்லை நையாண்டியால் எதிர்கொள்வது பாடலின் வலிமை. சில இடங்களில் முழக்கம் இசையை விழுங்கிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழுவில் பாடிய அறிவு, 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வழியே உலகறிந்தவரானார். அப்பாடல் எங்கள் பகுதித் திருமண மண்டபங்களிலும் ஒலிக்கிறது. எல்லாச் சாதியாரும் ஆடுகிறார்கள். அதே மண்டபங்களில் ‘கோட்டா’வை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.